வேனில் ஃபிரிட்ஜ் ஓட்டுவதற்கு இன்வெர்ட்டர்: தேர்வும் ஒயரிங்கும்

திற்பரப்பு அருவிக்குப் போகும் சாலையோரத்தில் வேனை நிறுத்தி, மதியச் சாப்பாட்டுப் பாத்திரங்களை இறக்கிக்கொண்டிருந்தபோது, ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் பொருத்தியிருந்த இன்வெர்ட்டர் விட்டுவிட்டுக் கூவத் தொடங்கியது. ஃபிரிட்ஜின் கம்ப்ரசர் ஒரு முறை முனகிவிட்டு நின்றது. சில நிமிடங்கள் கழித்து மறுபடி முனகியது, மறுபடி நின்றது. உள்ளே இருந்த நெத்திலியும் மோரும் கெட்டுப்போனால் போகட்டும் என்று விட்டுவிடலாம். ஆனால் அம்மாவின் இன்சுலின் குப்பிகளும் அங்கேதான் இருந்தன, திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் வைத்திருக்க வேண்டும். பக்கத்துச் சர்பத் கடையில் ஐஸ் வாங்கி, குப்பிகள் நேரடியாக ஐஸில் பட்டு உறைந்துவிடாதபடி துணியில் சுற்றி வைத்துக்கொண்டு, பயணத்தைப் பாதியில் முடித்து நாகர்கோவிலுக்குத் திரும்பினோம்.

வீட்டு வாசலில் வேனை நிறுத்தி மல்டிமீட்டரால் அளந்தபோது காரணம் தெரிந்தது. கம்ப்ரசர் கிளம்ப முயன்று திணறும் அந்தச் சில விநாடிகளில் பேட்டரியின் முனைகளில் 12.1 வோல்ட் இருந்தது. அதே நேரத்தில் இன்வெர்ட்டரின் முனைகளில் 10.3 வோல்ட்தான் இருந்தது. இன்வெர்ட்டர் 10.5 வோல்ட்டுக்குக் கீழே போனால் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும்படி அமைக்கப்பட்டது. காணாமல் போன 1.8 வோல்ட், வேனின் பின்பக்கம் இருந்த பேட்டரிக்கும் முன்பக்கம் இருந்த இன்வெர்ட்டருக்கும் இடையே ஆறு மீட்டர் தூரம் போய் ஆறு மீட்டர் திரும்பி வந்த 10 ஸ்கொயர் (10 சதுர மில்லிமீட்டர் தடிமன்) கம்பியில் வெப்பமாகக் கரைந்துகொண்டிருந்தது. பேட்டரியிலும் பழுதில்லை, இன்வெர்ட்டரிலும் பழுதில்லை. ஒயரிங் செய்து தந்தவர் வீட்டு மின்வேலையில் நல்ல அனுபவம் உள்ளவர். 230 வோல்ட்டில் பழகிய கை 12 வோல்ட்டின் கணக்கைக் கவனிக்கவில்லை.

ஃபிரிட்ஜ் ஓடுவதற்கு வேண்டிய மின்சாரம் குறைவு, அது கிளம்புவதற்கு வேண்டிய மின்சாரம் பல மடங்கு. அந்த ஒரு நொடியைத் தாங்குகிற இன்வெர்ட்டரும், அந்த ஒரு நொடியில் வோல்ட்டேஜைத் தின்றுவிடாத கம்பியும் இருந்தால் மற்றவை ஒழுங்காக நடக்கும். சுற்றுலா வேன் வைத்திருப்பவர்களுக்கும், கன்னியாகுமரிக் கடற்கரையிலும் சங்குத்துறையிலும் வண்டியில் குளிர்பானம் விற்பவர்களுக்கும் கணக்கு ஒன்றுதான்.

எந்த ஃபிரிட்ஜ்

வீடுகளில் சாதாரணமாக இருக்கும் 190 லிட்டர் அளவிலான ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜ், ஓடிக்கொண்டிருக்கும்போது ஏறத்தாழ 80 முதல் 120 வாட் வரை எடுக்கும். ஒரே வேகத்தில் ஓடும் பழைய வகைக் கம்ப்ரசராக இருந்தால், கிளம்பும் கணத்தில் ஓடும்போது எடுப்பதைப்போல ஐந்து முதல் எட்டு மடங்கு வரை மின்னோட்டம் இழுக்கும். வேகத்தைக் கூட்டிக் குறைத்து ஓடும் 'இன்வெர்ட்டர் கம்ப்ரசர்' உள்ள ஃபிரிட்ஜ் மெதுவாகக் கிளம்பி மெல்ல வேகம் எடுப்பதால் இந்த இழுப்பு மிகக் குறைவு. இங்கே ஒரு பெயர்க் குழப்பத்தைச் சொல்ல வேண்டும். கடையில் 'இன்வெர்ட்டர் ஃபிரிட்ஜ்' என்று சொல்வது அதன் கம்ப்ரசரைக் குறிக்கும் பெயர். பேட்டரியில் தானாக ஓடும் என்று அதற்குப் பொருளில்லை. ஆனாலும் வேனுக்கென்று புதிதாக வாங்குவதானால் இந்த வகையே சிறந்தது, ஏனெனில் இதற்குச் சிறிய இன்வெர்ட்டரே போதும்.

ஃப்ராஸ்ட் ஃப்ரீ வகையில் உறைபனியை உருக்க உள்ளே ஒரு ஹீட்டர் இருக்கும். அது அவ்வப்போது சில நிமிடங்கள் 150 முதல் 250 வாட் வரை எடுக்கும். வேனுக்கு அது தேவையற்ற செலவு என்பது என் கருத்து. வாரத்துக்கு ஒரு முறை கையால் பனியை நீக்கும் டைரக்ட் கூல் ஃபிரிட்ஜே நமக்குப் போதும்.

இரண்டு மூன்று பேர் போகும் பயணத்துக்கு 40, 50 லிட்டர் இடம் போதுமென்றால், 12 வோல்ட்டிலேயே நேரடியாக ஓடும் டி.சி. கம்ப்ரசர் ஃபிரிட்ஜை வாங்கிக்கொள்வது நல்லது. அதற்கு இன்வெர்ட்டரே வேண்டாம். வெளிநாட்டுக் கேரவன்களில் காணப்படும், எரிவாயுவிலும் மின்சாரத்திலும் ஓடும் அப்சார்ப்ஷன் வகை ஃபிரிட்ஜ் பழைய வண்டியோடு கைக்கு வந்தால், அதை இன்வெர்ட்டரில் ஓட்ட முயலாதீர்கள். அது ஹீட்டரின் வெப்பத்தால் இயங்குவது என்பதால் மணிக்கணக்கில் இடைவிடாமல் இழுத்து, ஒரே இரவில் பேட்டரியைக் காலி செய்துவிடும்.

இப்போது வரும் வீட்டு ஃபிரிட்ஜ்களில் பெரும்பாலானவற்றில் ஆர்600ஏ என்னும் ஐசோபியூட்டேன் வாயுதான் குளிரூட்டி. அளவு சில பத்து கிராம்தான் என்றாலும் அது எரியக்கூடிய வாயு, காற்றைவிடக் கனமானது. ஆகவே ஃபிரிட்ஜின் பின்புறத்திலோ அடியிலோ இன்வெர்ட்டர், ரிலே, பேட்டரி சுவிட்ச் போன்ற தீப்பொறி வரக்கூடிய எதையும் வைக்கக் கூடாது. சமையல் எரிவாயு சிலிண்டர் இருக்கும் அறைக்கும் இதே விதிதான்.

ஒரு நாளைக்கு எத்தனை யூனிட்

ஃபிரிட்ஜின் கதவில் ஒட்டியிருக்கும் நட்சத்திரச் சீட்டில் ஆண்டுக்கு எத்தனை யூனிட் என்று அச்சிட்டிருப்பார்கள். அதை 365-ஆல் வகுத்தால் ஒரு நாள் கணக்கு கிடைக்கும். 180 யூனிட் என்று இருந்தால் நாளைக்கு அரை யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு. ஆனால் ஏப்ரல், மே மாத வெயிலில் கதவு சாத்திய வேனின் உள்ளே அடுப்பங்கரையைவிட அதிகச் சூடு இருக்கும். பிள்ளைகள் அடிக்கடி கதவைத் திறப்பார்கள். ஃபிரிட்ஜின் பின்னால் காற்றோட்டமும் வீட்டில் இருப்பதைவிடக் குறைவாகவே இருக்கும். எனவே ஒன்றரை மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்: முக்கால் யூனிட். இன்வெர்ட்டரில் வீணாவதையும் சேர்த்தால் பேட்டரியிலிருந்து ஏறத்தாழ 0.85 யூனிட் போகும்.

இதோடு கணக்கை முடித்துவிடுகிறவர்கள்தான் அதிகம். ஃபிரிட்ஜ் ஓடாமல் சும்மா இருக்கும் நேரத்திலும் இன்வெர்ட்டர் விழித்திருக்கிறது, அதற்காக 10 முதல் 25 வாட் வரை எடுத்துக்கொண்டே இருக்கிறது. 15 வாட் என்றால் 24 மணி நேரத்துக்கு 360 வாட் மணி, அதாவது மூன்றில் ஒரு பங்கு யூனிட்டுக்கு மேல். ஆகமொத்தம் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1.2 யூனிட் தேவைப்படும். சும்மா இருக்கும்போது எவ்வளவு எடுக்கிறது என்பதை வாங்குமுன் கட்டாயம் பாருங்கள். விலை மலிவான 2000 வாட் இன்வெர்ட்டர் ஒன்று இந்த வகையில் ஃபிரிட்ஜுக்குச் சமமாகத் தின்றுவிடக்கூடும். பளு இல்லாதபோது தூங்கிவிடும் 'பவர் சேவ்' வசதியை நம்பியும் பயனில்லை, எலக்ட்ரானிக் போர்டு உள்ள ஃபிரிட்ஜ்கள் அந்த விட்டுவிட்டு வரும் மின்சாரத்தில் குழம்பிப்போகும்.

பேட்டரியைப் பொறுத்தவரை, வீட்டில் இருக்கும் 12 வோல்ட் 150 ஆம்பியர் மணி ட்யூபுலர் பேட்டரி ஏட்டளவில் 1.8 யூனிட் கொண்டது. ஆனால் ஈய அமிலப் பேட்டரியைப் பாதிக்கு மேல் வடித்தால் அதன் ஆயுள் குறையும் என்பதால் கைக்கு வருவது 0.9 யூனிட்தான். எடையோ 50 கிலோவுக்கு மேல். உள்ளே திரவ அமிலம். சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வெளிவரும். மார்த்தாண்டத்திலிருந்து பேச்சிப்பாறை வரை வளைந்து வளைந்து ஏறி இறங்கும் சாலைகளில் அதைக் கொண்டு போவதானால், பட்டை போட்டு இறுக்கிய, வெளிக்காற்றோடு குழாய் இணைத்த தனிப் பெட்டி தேவை. வீட்டு இன்வெர்ட்டரையும் பேட்டரியையும் அப்படியே தூக்கி வேனில் வைத்துவிடலாமே என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் இதுதான்: இரண்டு நாள் பயணத்துக்கு ஒப்பேற்றலாம், நிரந்தரமாக வேண்டாம். குலுக்கலுக்கென்று அவை செய்யப்பட்டவை அல்ல, அவற்றின் சார்ஜரோ வீட்டுக் கரண்டில் மட்டுமே வேலை செய்யும்.

லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி விலை கூடுதல். ஆனால் 12.8 வோல்ட் 100 ஆம்பியர் மணிப் பேட்டரியின் 1.28 யூனிட்டில் ஒரு யூனிட்டைத் தாராளமாகப் பயன்படுத்தலாம், எடை 11 முதல் 13 கிலோதான். மேலே சொன்ன 1.2 யூனிட் தேவைக்கு 200 ஆம்பியர் மணி வைத்துக்கொண்டால், சார்ஜ் கிடைக்காத நாளிலும் ஒன்றரை நாள் தாங்கும். இந்தப் பேட்டரிக்குள் இருக்கும் பி.எம்.எஸ். என்னும் காவல் போர்டு எத்தனை ஆம்பியர் வரை விடும் என்பதைப் பார்த்து வாங்குங்கள். 50 ஆம்பியரில் துண்டித்துக்கொள்ளும் பி.எம்.எஸ். இருந்தால், கம்ப்ரசர் கிளம்பும் கணத்தில் பேட்டரியே அணைந்துவிடும். இன்னொன்று: இந்த வகையை 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது. நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் அந்தக் கவலையில்லை, ஆனால் லடாக் வரை போகிறவர்கள் மறந்துவிடக் கூடாது.

வண்டியின் எஞ்சினைக் கிளப்பும் பேட்டரியை ஃபிரிட்ஜுக்கு ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள். அது ஒரு நொடி பலமாக உந்தித் தள்ளுவதற்கென்று செய்யப்பட்டது, நாள் முழுக்க வடிப்பதற்கு அல்ல. காட்டு ஓரத்தில் காலையில் எழுந்து சாவியைத் திருப்பும்போது வண்டி கிளம்பாமல் போனால், ஃபிரிட்ஜுக்குள் எது இருந்தும் பயனில்லை.

எந்த இன்வெர்ட்டர்

வெளியே வரும் மின்சாரம் பியூர் சைன் வேவாக, அதாவது வீட்டு மின்சாரத்தைப்போல வழுவழுப்பாக ஏறி இறங்கும் அலையாக, இருக்க வேண்டும். இதில் சமரசமே இல்லை. ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் டியூப்லைட் எரியும், ஆனால் கம்ப்ரசர் மோட்டார் உறுமும், அதிகமாகச் சூடேறும், காலப்போக்கில் அதன் சுருள் கருகும். வெளியீடு 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்று இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள், இணையத்தில் 110 வோல்ட் வகைகளும் விற்கப்படுகின்றன.

அளவு எவ்வளவு? 190 முதல் 250 லிட்டர் வரையிலான சாதாரணக் கம்ப்ரசர் ஃபிரிட்ஜுக்கு, தொடர்ச்சியாக 1000 வாட்டும் கிளம்பும்போது 2000 வாட்டும் தரக்கூடிய இன்வெர்ட்டர் பொருத்தம். இன்வெர்ட்டர் கம்ப்ரசர் உள்ள ஃபிரிட்ஜுக்கு 500 அல்லது 600 வாட் போதும். பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்ட எண் தொடர்ச்சியாகத் தரும் வாட்டா, ஒரு நொடிக்கு மட்டும் தரும் வாட்டா, அல்லது வி.ஏ. (வோல்ட் ஆம்பியர்) கணக்கா என்று பிரித்துப் படியுங்கள். வீட்டு இன்வெர்ட்டர்களில் 900 வி.ஏ. என்று எழுதியிருந்தால் வாட் கணக்கில் 700 அளவில்தான் வரும். அந்த உச்ச அளவை எத்தனை நேரம் தாங்கும் என்பதும் முக்கியம். சில மலிவான வகைகளில் அது கண்ணிமைக்கும் நேரம்கூட நிற்பதில்லை. உள்ளே பெரிய டிரான்ஸ்ஃபார்மர் உள்ள கனமான இன்வெர்ட்டர்கள் இந்த இழுப்பை நன்றாகத் தாங்குகின்றன. எடை கூடினாலும் கம்ப்ரசருக்கென்றால் நான் அவற்றையே தேர்ந்தெடுப்பேன்.

வேனின் அமைப்பு 12 வோல்ட்டா 24 வோல்ட்டா என்பதைப் பார்த்துவிட்டு இன்வெர்ட்டரை வாங்க வேண்டும். பேருந்து, லாரி அடித்தளத்தில் கட்டிய வண்டிகளில் 24 வோல்ட் இருக்கும். அதே வாட்டுக்கு மின்னோட்டம் பாதியாகிவிடும் என்பதால் கம்பிச் செலவும் குறையும்.

டி.சி. பக்கம்

பேட்டரிக்கும் இன்வெர்ட்டருக்கும் இடையிலான இந்த ஒயரிங்தான் திற்பரப்பில் எங்களைத் திண்டாட வைத்த பகுதி.

கிளம்பும் கணத்தில் ஃபிரிட்ஜுக்கு 900 வாட் வேண்டும் என்று வையுங்கள். 230 வோல்ட்டில் அது நான்கைந்து ஆம்பியர்தான். அதே 900 வாட்டை 12 வோல்ட் பேட்டரியிலிருந்து எடுக்க, இன்வெர்ட்டரின் இழப்பையும் சேர்த்தால், ஏறத்தாழ 88 ஆம்பியர் ஓட வேண்டும். ஒரு சதுர மில்லிமீட்டர் தடிமனும் ஒரு மீட்டர் நீளமும் உள்ள செம்புக் கம்பியின் தடை ஏறத்தாழ 0.0175 ஓம். இந்த எண்ணைப் போகவர உள்ள மொத்த நீளத்தால் பெருக்கி, கம்பியின் ஸ்கொயரால் வகுத்தால் தடை கிடைக்கும். அதை ஆம்பியரால் பெருக்கினால் எத்தனை வோல்ட் தொலைகிறது என்று தெரியும். எங்கள் வேனில் 12 மீட்டர், 10 ஸ்கொயர்: 0.021 ஓம், 88 ஆம்பியரில் 1.8 வோல்ட். மீட்டர் காட்டியதும் அதேதான். இன்வெர்ட்டரைப் பேட்டரிக்கு ஒரு மீட்டர் தூரத்துக்குள் கொண்டுவந்து 35 ஸ்கொயர் கம்பி போட்டால் இழப்பு 0.1 வோல்ட்டுக்கும் கீழே வந்துவிடும். மீதித் தூரத்தை 230 வோல்ட் கம்பி கடக்கட்டும், அதில் 1.5 ஸ்கொயர் ஒயர் ஆறு மீட்டர் ஓடினாலும் ஒரு வோல்ட்கூடக் குறையாது. ஆகவே இன்வெர்ட்டரை ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் வைக்காமல் பேட்டரிக்குப் பக்கத்தில் வையுங்கள். ஆனால் பேட்டரியின் தலைக்கு மேல் வேண்டாம்: ஈய அமிலப் பேட்டரியிலிருந்து எழும் ஆவி போர்டை அரித்துவிடும்.

1000 வாட், 12 வோல்ட், ஒன்றரை மீட்டருக்குள் தூரம் என்றால் 35 ஸ்கொயர் பல இழைச் செம்புக் கம்பி என்பதை அளவாக வைத்துக்கொள்ளலாம். வீட்டுச் சுவருக்குள் போடும் கெட்டியான கம்பி வண்டியின் அதிர்வில் முறிந்துவிடும், ஆகவே மெல்லிய இழைகள் கொண்ட வளையும் கம்பியே வேண்டும். வெல்டிங் கேபிள் வாங்குகிறவர்கள் கடையிலேயே ஒரு இழையைப் பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம், வாங்காமல் வைத்துவிடுங்கள். நெகட்டிவ் பக்கத்துக்கு வண்டியின் சேசிஸை நம்பாமல், பாசிட்டிவுக்குப் போட்ட அதே தடிமனில் தனிக் கம்பி போடுங்கள்.

பாசிட்டிவ் கம்பியில், பேட்டரி முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும். ஃபியூஸ் இன்வெர்ட்டரைக் காப்பதற்காக இல்லை, கம்பியைக் காப்பதற்காக. பேட்டரிக்கும் ஃபியூஸுக்கும் இடையில் உள்ள கம்பி எங்காவது உராய்ந்து இரும்பைத் தொட்டால் அதைத் தடுக்க எதுவும் கிடையாது. முழுப் பளுவில் ஓடும் மின்னோட்டத்தைப்போல ஒன்றேகால் மடங்கு என்பது ஃபியூஸ் கணக்கு. 1000 வாட்டுக்கு ஏறத்தாழ 98 ஆம்பியர், ஆகவே 125 ஆம்பியர் ஃபியூஸ். கம்பி தாங்கும் அளவுக்கு மேலே எந்தக் காரணத்துக்காகவும் போகக் கூடாது. ஈய அமிலப் பேட்டரிக்கு ஏ.என்.எல். வகை போதும். லித்தியம் பேட்டரி ஷார்ட் ஆகும்போது ஆயிரக்கணக்கான ஆம்பியரைக் கொட்டும், சாதாரண ஃபியூஸ் உருகிய பிறகும் உள்ளே நெருப்பு தாண்டித் தொடரும் என்பதால் அதற்கு கிளாஸ் டி (Class T) வகை ஃபியூஸ் போடுங்கள். வீட்டு மெயின் போர்டில் பளு கூடினால் தானாக விழும் சுவிட்சான எம்.சி.பி.யை டி.சி. பக்கத்தில் ஃபியூஸுக்குப் பதிலாகப் போடுவதைச் சில வண்டிகளில் பார்த்திருக்கிறேன், அது ஏ.சி.க்குச் செய்யப்பட்டது, டி.சி.யில் எழும் நெருப்பை அதனால் அணைக்க முடியாது.

கம்பியின் நுனியில் லக் என்னும் உலோகக் காதைப் பொருத்துவதைக் கவனமாகச் செய்ய வேண்டும். சுத்தியலால் தட்டியோ குறடால் நெரித்தோ பொருத்திய லக் முதல் மாதம் நன்றாக இருக்கும். பிறகு உப்புக்காற்று இழைகளுக்கு நடுவே புகுந்து பச்சை பூக்கும், தடை கூடும், சூடேறும். ஹைட்ராலிக் கிரிம்பிங் கருவி உள்ள பட்டறையில் கொடுத்து, ஈயம் பூசிய செம்பு லக்கைப் போட்டு, அதன்மேல் உட்புறம் பசை தடவிய ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவைச் சுருக்கிவிடச் சொல்லுங்கள். முட்டம், குளச்சல், மணக்குடி என்று கடலோரமாக நிறுத்தும் வண்டிக்கு இந்த ஸ்லீவ் கட்டாயம் வேண்டும்.

லக்கை முனையில் மாட்டும்போது லக்கின் தட்டையான முகம் நேரடியாகப் பேட்டரி முனையின் முகத்தில் படிய வேண்டும். அதன்மேல் வாஷர், அதன்மேல் ஸ்பிரிங் வாஷர், கடைசியில் நட். வாஷரை லக்குக்கு அடியில் போட்டுவிட்டால் அத்தனை மின்னோட்டமும் அந்த இரும்பு வாஷர் வழியாகப் போக நேரும், அது கொதிக்கும். நான் பார்த்த ஒரு வண்டியில் அந்த ஒற்றை வாஷர் நீலம் பாய்ந்து, பக்கத்திலிருந்த பிளாஸ்டிக் மூடியை உருக்கியிருந்தது.

கம்பி தகட்டைத் துளைத்துப் போகும் இடங்களில் க்ரோமெட் என்னும் ரப்பர் வளையம் வையுங்கள். ஒரு அடிக்கு ஒரு கிளாம்ப் அடித்துக் கம்பி ஆடாமல் பாருங்கள்.

கடைசி இணைப்பைக் கொடுக்கும்போது இன்வெர்ட்டருக்குள் இருக்கும் கப்பாசிட்டர்கள் ஒரே மூச்சில் நிரம்புவதால் பெரிய பொறி பறக்கும். அது ஆளுக்கும் அதிர்ச்சி, பேட்டரி சுவிட்சின் முகத்தையும் பொசுக்கிவிடும். வண்டிப் பட்டறையில் கிடைக்கும் 12 வோல்ட் 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்றை எடுத்து, ஃபியூஸ் போடாத அந்த இடைவெளியின் இரு முனைகளிலும் அதன் இரு ஒயர்களையும் தொட்டுப் பிடியுங்கள். அப்போது இன்வெர்ட்டரின் சுவிட்ச் அணைந்திருக்க வேண்டும். பல்பு பளிச்சென்று எரிந்து, மெல்ல மங்கி அணையும். அணைந்ததும் ஃபியூஸைப் போட்டால் பொறி வராது. பல்பு அணையாமல் பிரகாசமாக எரிந்துகொண்டே இருந்தால் எங்கோ ஷார்ட் இருக்கிறது, அல்லது பாசிட்டிவ் நெகட்டிவ் மாறியிருக்கிறது. ஃபியூஸைக் கையில் வைத்துக்கொண்டு முதலிலிருந்து பார்த்து வாருங்கள்.

ஏ.சி. பக்கம்

இன்வெர்ட்டரிலிருந்து ஃபிரிட்ஜுக்கு 1.5 ஸ்கொயர் மூன்று கோர் வளையும் ஒயர், 6 ஆம்பியர் சி கர்வ் எம்.சி.பி., மின்கசிவு ஏற்பட்டால் தானாக விழும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி., மூன்று முள் சாக்கெட்: பொருள்கள் இவ்வளவுதான். ஒயரில் ஐ.எஸ். 694 முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். இன்வெர்ட்டரின் எர்த் முனையையும் சாக்கெட்டின் எர்த்தையும் வண்டியின் சேசிஸோடு, பெயின்டைச் சுரண்டிய இடத்தில், போல்ட் போட்டு இணைக்க வேண்டும்.

பலருக்கும் தெரியாத ஒன்று இங்கே இருக்கிறது. இன்வெர்ட்டரின் வெளியீட்டில் எந்த ஒயரும் எர்த்தோடு இணைந்திருக்காமல் தனித்து மிதப்பது பெரும்பாலான வகைகளில் வழக்கம். அந்த நிலையில் ஆர்.சி.சி.பி. போட்டிருந்தாலும் கசிவு ஏற்படும்போது அது விழாது. வீட்டு மின்சாரத்தில் நியூட்ரல் எர்த்தோடு இணைந்திருப்பதால்தான் அது வேலை செய்கிறது. ஆகவே இன்வெர்ட்டரின் கையேடு அனுமதிக்குமானால், இன்வெர்ட்டரின் வாசலிலேயே நியூட்ரலையும் எர்த்தையும் இணைத்து, அதற்குப் பிறகு ஆர்.சி.சி.பி.யை வைக்க வேண்டும். சில இன்வெர்ட்டர்களில் இப்படி இணைத்தால் உள்ளே போர்டு எரிந்துவிடும். கையேட்டில் தெளிவாக எழுதியிருக்காவிட்டால் இணைக்காதீர்கள், உரிமம் பெற்ற மின்பணியாளர் ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

விடுதியின் வளாகத்திலோ உறவினர் வீட்டு முற்றத்திலோ வண்டியை நிறுத்தும்போது வெளியிலிருந்து கரண்ட் எடுப்போம். அந்த மின்சாரமும் இன்வெர்ட்டர் மின்சாரமும் ஒருபோதும் சந்திக்கக் கூடாது, சந்தித்தால் இன்வெர்ட்டர் அந்த நொடியே போய்விடும். நடுவில் ஆஃப் நிலை உள்ள டபுள் போல் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் ஒன்றைப் போட்டு, பேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். மாற்றும்போது ஆஃப் நிலையில் ஐந்து நிமிடம் வைத்திருங்கள். நின்ற கம்ப்ரசரில் இரு பக்க அழுத்தமும் சமமாக அவ்வளவு நேரம் ஆகும். அதற்குள் மறுபடி கிளப்பினால் மோட்டார் சுற்ற முடியாமல் இறுகி நின்று, உச்ச மின்னோட்டத்தை விடாமல் இழுக்கும். இதற்கென்றே தாமதம் வைத்த சிறிய டைமர்கள் கிடைக்கின்றன, மறதி உள்ளவர்கள் ஒன்றை வாங்கி மாட்டிவிடலாம்.

சார்ஜ் எங்கிருந்து வரும்

எஞ்சின் ஓடும்போது அதோடு சுழன்று மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரிலிருந்து எடுப்பதே முதல் வழி. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ். 6 வண்டிகள் பலவற்றில் ஆல்டர்னேட்டரின் வோல்ட்டேஜ் எரிபொருள் சிக்கனத்துக்காக ஏறி இறங்குவதால், வெறும் ரிலே போட்டு இணைத்தால் ஃபிரிட்ஜ் பேட்டரி நிறையாது. அந்த வோல்ட்டேஜைப் பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் டி.சி.-டி.சி. சார்ஜர் ஒன்றை நடுவே வைக்க வேண்டும். 30 ஆம்பியர் சார்ஜர் ஏறத்தாழ 400 வாட் தரும். நாகர்கோவிலிலிருந்து மதுரைக்கு நான்கு மணி நேரம் ஓடினால் 1.6 யூனிட், அதாவது ஒரு நாள் தேவைக்கும் சற்று அதிகமாகவே சேர்ந்துவிடும். சார்ஜரில் பேட்டரி வகையைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள்.

ஒரே இடத்தில் இரண்டு மூன்று நாள் நிற்பவர்களுக்குச் சூரியத் தகடு தேவை. கூரையில் 330 வாட் தகடும், தகட்டிலிருந்து முடிந்தவரை அதிக மின்சாரத்தை எடுத்துப் பேட்டரிக்குத் தரும் எம்.பி.பி.டி. கன்ட்ரோலரும் இருந்தால் தெளிவான நாளில் ஒரு யூனிட் வரை எதிர்பார்க்கலாம். ஆனால் தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே பெய்யும் மாவட்டம் நம்முடையது. ஜூனிலும் நவம்பரிலும் தகட்டை மட்டும் நம்பி மருந்து வைக்காதீர்கள். குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்ட நிழலில் வண்டியை நிறுத்தினாலும் இதே கதைதான், ஒரு கிளையின் நிழல் விழுந்தால்கூடத் தகட்டின் வரவு வெகுவாகக் குறைந்துவிடும்.

முதல் ஓட்டம்

வீட்டிலேயே, பேட்டரி முழுதாக நிறைந்திருக்கும்போது தொடங்குங்கள். வண்டியில் ஏற்றிய ஃபிரிட்ஜைச் சாய்த்துக் கொண்டுவந்திருந்தால், கம்ப்ரசர் எண்ணெய் கீழே இறங்குவதற்குச் சில மணி நேரம் நிமிர்த்தி வையுங்கள். முதலில் ஃபிரிட்ஜ் இல்லாமல் இன்வெர்ட்டரை ஓட்டி, சாக்கெட்டில் 230 வோல்ட் வருகிறதா என்று பாருங்கள். ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பொத்தானை அழுத்தினால் அது விழ வேண்டும். பிறகு குறைந்தபட்ச அளவைப் பிடித்து வைத்துக்கொள்ளும் வசதி உள்ள மல்டிமீட்டரை இன்வெர்ட்டரின் டி.சி. முனைகளில் வைத்து ஃபிரிட்ஜைக் கிளப்புங்கள். ஐந்து நிமிடம் நிறுத்தி, மீட்டரைப் பேட்டரி முனைகளுக்கு மாற்றி மறுபடி கிளப்புங்கள். இரண்டு எண்களுக்கும் உள்ள வித்தியாசம் 0.3 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். அரை மணி நேரம் ஓடிய பிறகு ஒவ்வொரு லக்கையும், ஃபியூஸின் இரு பக்கங்களையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். ஏதேனும் ஒன்று மட்டும் மற்றவற்றைவிடச் சூடாக இருந்தால் அந்த இணைப்பைக் கழற்றி மீண்டும் போடுங்கள்.

அடுத்து, தண்ணீர் பாட்டில்களை நிரப்பி, ஒரு தெர்மாமீட்டரையும் உள்ளே வைத்து, சார்ஜ் எதுவும் கொடுக்காமல் ஒரு முழு நாள் ஓட விடுங்கள். நம் கணக்கு எங்கே பிசகியது என்று அந்த ஒரு நாள் காட்டிவிடும். எங்கள் வேனில் முதல் முறை இரவு இரண்டு மணிக்கே பேட்டரி எதிர்பார்த்ததைவிடக் கீழே போயிருந்தது. ஃபிரிட்ஜின் பின்னால் ஒட்டுப்பலகையை நெருக்கி அடித்திருந்ததால் சூடு வெளியேற வழியில்லாமல், கம்ப்ரசர் நிற்காமல் ஓடியிருக்கிறது. கீழே ஒரு துவாரமும் மேலே ஒரு துவாரமும் வெட்டிய பிறகு அது நின்று நின்று ஓடத் தொடங்கியது.

முதல் 500 கிலோமீட்டருக்குப் பிறகு எல்லா நட்டுகளையும் ஒரு முறை இறுக்க வேண்டும், புதுக் கம்பி படிந்து தளர்வது இயல்பு. அதன்பின் ஒவ்வொரு பருவமழைக்கு முன்பும், கடலோரத்தில் சில நாள் தங்கித் திரும்பும்போதும், ஃபியூஸைக் கழற்றிவிட்டு முனைகளைத் துடைத்து வாஸ்லைன் பூசுவோம். பேட்டரி முனையிலும் இன்வெர்ட்டர் முனையிலும் எடுத்த அளவுகளைத் தேதியோடு ஃபிரிட்ஜ் அலமாரியின் உட்பக்கத்தில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறோம். இப்போது அந்த வித்தியாசம் 0.2 வோல்ட். அது 0.5-ஐ நெருங்கினால் ஏதோ ஒரு லக்கில் பச்சை பூத்திருக்கிறது என்று பொருள். அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்த பிறகுதான் அம்மாவின் மருந்தை ஃபிரிட்ஜுக்குள் வைக்கிறோம்.